வரியால் பழக்கம் மாறுமா?

ஒரு பொருளின் மீது அரசாங்கம் வரி விதிக்கிறது. அதனால் அப்பொருளின் விலை ஏறுகிறது. விலை ஏறவே அதை வாங்குவது குறைகிறது. பொருளாதார நூலின் முதல் ஏடுகளிலேயே காணப்படும் பாடம் இது. அரிசிக்கும் துணிக்கும் பொருந்துகின்ற இந்தப் பாடம் புகையிலைக்கும் கள்ளுக்கும் பொருந்துமா? ஒரு பழக்கத்துக்கு அடிமையானவன், விலை ஏறிவிட்டது என்பதற்காக அதைக் கைவிடுவானா? குழந்தைக்கு வாங்கும் பாலைக் குறைத்தேனும் தன் பீடிக்கட்டை வாங்கிக்கொள்ள மாட்டானா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சியைத் தருமபுரி மண்ணிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் மறைவுக்கு இரங்கி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் கள்ளும் இடம்பெறுகிறது. கள் அத்துணைப் பழமையானது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். புகையிலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, போர்ச்சுகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. பழையதாகிய கள்ளை ஒழிக்கும் முயற்சியும், புதியதாகிய புகையிலைக்கு வரி விதிக்கும் முயற்சியும் தருமபுரியின் வரலாற்றில் பிணைந்து நிற்கின்றன. அந்தப் பிணைப்பை முதலில் காண்போம்.

1937ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி ஏற்றது. இராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் அமைத்து, குடி ஒழிப்புக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தியவர். அவர் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியதில் வியப்பில்லை. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் அம்மாவட்டத்தின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. தருமபுரியும் அரூரும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதிகள். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2ஆம் நாளில்தான்; அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஆகவே, மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த நிலப்பரப்பில் இன்றைய தருமபுரியும் அடங்கும்.

கடையை மூடுவது எளிது; கடையால் வந்த வருவாயை ஈடு செய்வது எளிதன்று. கள்ளுக்கடை ஏலத்தாலும் சாராயத் தீர்வையாலும் வந்த பணம் மாகாணக் கருவூலத்தின் பெருந்தூண்களில் ஒன்றாக இருந்தது. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் அடுத்து வட ஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு பரவியபோது அந்தத் தூண் மேலும் தளர்ந்தது. அதற்கு ஈடாகவே 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. நாம் வாங்கும் சோப்பு முதலிய பொருள்களுக்கு உரிய விற்பனை வரியின் வரலாறு இவ்வாறு கள்ளுக்கடையை மூடியதிலிருந்து தொடங்குகிறது. அதே காலத்தில் பெட்ரோலுக்கும் கேளிக்கைக்கும் வரி வந்தது. புகையிலை விற்பனைக்கும் தனிச் சட்டத்தால் வரி வந்தது. ஒரு போதைப் பொருளை ஒழித்ததால் ஏற்பட்ட இழப்பை, மற்றொரு பழக்கப் பொருளின் மீதான வரி ஓரளவு ஈடு செய்தது. பின்னர் 1943இல் இந்திய அரசாங்கமும் புகையிலைக்குக் கலால் தீர்வை விதித்தது.

அக்காலத்தில் புகையிலை வரியின் நோக்கம் பணமே. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது 1950ஆம் ஆண்டுக்குப் பின்னரே. இன்றோ இந்தியாவில் ஆண்டுதோறும் 13 லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் உயிரிழக்கின்றனர். ஆதலின் இன்று புகையிலை வரிக்கு இரண்டு நோக்கங்கள் கற்பிக்கப்படுகின்றன: ஒன்று வருவாய், மற்றொன்று பழக்கத்தைக் குறைத்தல். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும். பழக்கம் குறைந்தால் வருவாய் குறையாதோ என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவது இயல்பே.

இதை ஒரு சிறு கணக்கால் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ஒரு சிகரெட் பெட்டியின் விலை 100 ரூபாய் என்றும், அதில் வரி 50 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் நாளொன்றுக்கு 100 பெட்டிகள் விற்கின்றன. அரசாங்கத்துக்குக் கிடைப்பது 5,000 ரூபாய். இப்போது வரியை 60 ரூபாயாக உயர்த்துவோம். விலை 110 ரூபாய் ஆகிறது. அதாவது விலை நூற்றுக்குப் பத்து ஏறிற்று. இத்தகைய ஏற்றத்தால் புகையிலையின் நுகர்ச்சி செல்வ நாடுகளில் நூற்றுக்கு 4 அளவும், நம்முடையதைப் போன்ற நாடுகளில் நூற்றுக்கு 5 அளவும் குறைகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அதன்படி நம் ஊரில் 95 பெட்டிகளே விற்கும். 95 பெட்டிக்கு 60 ரூபாய் வீதம் 5,700 ரூபாய். புகைப்பதும் குறைந்தது, வருவாயும் கூடிற்று. விலை ஏறும் அளவுக்கு நுகர்ச்சி குறையாதிருப்பதே இதன் காரணம். இதனைப் பொருளாதார நூலார் 'நெகிழ்ச்சி குறைந்த தேவை' என்பர்.

இந்த நூற்றுக்கு ஐந்து என்பது எல்லாரிடமும் ஒரே சீராக நிகழ்வதன்று. மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவன் பதினாறு வயது மாணவன். நண்பர்களோடு சேர்ந்து ஓரிரு முறை புகைத்துப் பார்த்தவன். அவன் சட்டைப்பையில் இருப்பது பேருந்துக் கட்டணம் போகச் சில்லறையே. இரண்டாமவர் கட்டட வேலைக்காகப் பெங்களூருக்கும் ஊருக்குமாக அலையும் கூலித் தொழிலாளி. நாளுக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவர். மூன்றாமவர் முப்பது ஆண்டுகளாகச் சிகரெட் பிடிக்கும் வசதி படைத்த பெரியவர். விலை ஏறும்போது மூன்றாமவர் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிடுவார். இரண்டாமவர் கட்டைப் பாதியாகக் குறைப்பார். அல்லது விட்டுவிட முயல்வார். முதலாமவனோ பழக்கம் வேர்கொள்ளுமுன்பே விலகிக்கொள்வான். இளைஞரும் ஏழையரும் விலைக்கு மிகுதியாக அசைந்துகொடுக்கின்றனர் என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளின் முடிவு. புகையிலை வரியின் உண்மையான பயன், பழகியவரை மீட்பதைவிடப் பழகாதவரைத் தடுப்பதில் மிகுதி என்று சொல்லலாம்.

பழக்கத்துக்கு அடிமையானவரும் விலையை அறவே பொருட்படுத்தாதவர் அல்லர். கேரி பெக்கர், கெவின் மர்பி என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இருவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். இன்றைய நுகர்ச்சி நாளைய வேட்கையை வளர்க்கிறது. ஆகவே விலை நிலையாக உயர்ந்தால், இன்று சிறிது குறைப்பவனுக்கு நாளை வேட்கையும் சிறிது குறையும். அதனால் மறுநாள் இன்னும் சிறிது குறைப்பான். இவ்வாறு விலையேற்றத்தின் விளைவு உடனே தெரிவதைவிடக் காலப்போக்கில் பெரிதாகத் தெரியும். வரியைப் போட்ட மறுமாதமே கணக்குப் பார்த்து, 'பயனில்லை' என்று கைவிடுவது தவறு என்பது இதனால் பெறப்படும்.

இவ்வளவும் வரியின் வலிமை. இனி அதன் வலிமைக் குறைவைப் பார்ப்போம். தருமபுரிப் பேருந்து நிலையத்தை ஒட்டியோ ஒகேனக்கல் சாலையிலோ உள்ள ஏதேனும் ஒரு பெட்டிக்கடையை மனத்தில் நிறுத்துங்கள். நீளச் சிகரெட், குட்டைச் சிகரெட், பீடிக்கட்டு, மெல்லும் புகையிலை என்று ஏணிப்படிகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக அங்கே பொருள்கள் இருக்கும். மேற்படிக்கு மட்டும் வரியை உயர்த்தினால் வாங்குவோன் ஏணியை விட்டு இறங்கிவிடுவதில்லை. அடுத்த படிக்கு இறங்குகிறான். நம் நாட்டில் 1987 முதல் சிகரெட்டின் நீளத்தைக் கொண்டே தீர்வை வகுக்கப்பட்டது. நீளம் கூடக் கூடத் தீர்வை கூடும். 65 மில்லிமீட்டருக்கு உட்பட்ட வடிகட்டிச் சிகரெட்டுக்குக் குறைந்த தீர்வை என்று வகுத்ததும், 64 மில்லிமீட்டர் சிகரெட்டுகள் கடைகளில் வந்து குவிந்தன. சட்டம் எங்கே கோடு கிழிக்கிறதோ, அதற்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே வாணிகம் வந்து நிற்கிறது.

பீடியின் கதை இதனினும் பெரிது. 2016-17ஆம் ஆண்டில் நாடெங்கும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், வயது வந்தோருள் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. 2009-10இல் இது 34.6. ஏழாண்டில் ஆறு குறைந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் உட்பிரிவைப் பாருங்கள்: சிகரெட் பிடிப்போர் நூற்றுக்கு 4 பேர், பீடி பிடிப்போர் 7.7 பேர், மெல்லுதல் முதலிய புகையற்ற வகையைப் பயன்படுத்துவோர் 21.4 பேர். சிகரெட்டையும் பீடியையும் ஒப்பிட்டால் வரியின் கடுமையோ இதற்குத் தலைகீழானது. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு நூற்றுக்கு 28 வரியோடு கூடுதல் தீர்வையும் சேர்ந்தது. பீடிக்கு 28 மட்டுமே, கூடுதல் தீர்வை இல்லை. 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி மன்றம் சிகரெட்டை 40 என்னும் உச்ச விகிதத்தில் வைக்கவும், பீடியின் விகிதத்தை 28இலிருந்து 18ஆகக் குறைக்கவும் முடிவு செய்தது. வசதியுள்ளவரின் புகை கடுமையாகவும், ஏழையின் புகை மென்மையாகவும் வரிக்கு உட்படுகிறது. நோயோ அவ்விதம் வேறுபாடு காட்டுவதில்லை.

பீடிக்கு இரக்கம் காட்டுவதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. வேலூர், திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் கூலி அத்தொழிலை நம்பியுள்ளது. வரி உயர்ந்தால் அவர்களுக்கு வழி என்ன? பிலிப்பைன்ஸ் நாடு ஒரு வழி காட்டிற்று. அந்நாடு 2012இல் இயற்றிய சட்டத்தின்படி புகையிலைக்கும் மதுவுக்கும் வரியை உயர்த்தி, மலிந்த சிகரெட்டுக்கும் உயர்ந்த சிகரெட்டுக்கும் ஒரே வரி என்னும் நிலையைப் படிப்படியாக 2017இல் எய்தியது. கூடுதலாக வந்த பணத்தின் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கும், ஒரு பகுதி புகையிலை விளையும் மாகாணங்களுக்கும் சென்றது. 2009இல் நூற்றுக்கு 29.7 ஆக இருந்த புகையிலைப் பழக்கம் 2015இல் 23.8 ஆயிற்று. வரிப்பணம் தொழிலாளிக்கும் நோயாளிக்கும் திரும்பி வருமாயின், அந்த வரிக்கு எதிர்ப்பும் குறையும்.

வரி தோற்கும் இடம் இன்னொன்றும் உண்டு, அது எல்லைப்புறம். 1604இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், புகையிலையை வெறுத்து, இராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த தீர்வையை ஒரேயடியாக 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். கள்ளக்கடத்தல் பெருகிற்று, சில ஆண்டுகளில் தீர்வையைக் குறைக்க நேர்ந்தது. கனடா நாடும் எல்லை வழியே கடத்தல் மிகுந்ததால் 1994இல் சிகரெட் வரியைக் குறைத்தது. இளைஞரிடையே புகைப்பழக்கம் மீண்டும் ஏறிற்று.

இதன் சாயலைத் தருமபுரியிலும் காணலாம். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவும் புகையிலை கலந்த பான்மசாலாவும் தடை செய்யப்பட்டன. ஒரு பொருளைத் தடை செய்வதென்பது, அதற்கு எவரும் கொடுக்க இயலாத வரியை விதிப்பது போன்றதே. ஆனால் பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், காய்கறி மூட்டைகளுக்கு அடியில் மறைத்து வந்த குட்கா பிடிபட்டது என்ற செய்தியை நாளிதழ்களில் பலமுறை காண்கிறோம். அண்டை மாநிலத்தில் மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு இங்கே தடையோ கடும் வரியோ இருந்தால், இடைவெளியில் ஒருவன் பிழைக்க முற்படுகிறான். நாடு முழுவதற்கும் ஒரே விதமான வரி, சாலையில் விழிப்பான காவல், கடையில் ஒழுங்கான சோதனை ஆகியவை இல்லாமல் வரிவிகிதத்தை மட்டும் உயர்த்துவதால் முழுப் பயன் விளையாது.

மதுவின் வகையில் இக்குறை உயிரையே பறிக்கிறது. கடைச் சாராயத்துக்கும் கள்ளச் சாராயத்துக்கும் உள்ள விலை வேற்றுமை பெரிதாகும்போது ஏழை எதன் பக்கம் சாய்வான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2008 மே மாதத்தில் கர்நாடகத்திலும் அதை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் நச்சுச் சாராயத்தால் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. புகையிலைக்கும் மதுவுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மறத்தலாகாது. கள்ளச் சிகரெட் நல்ல சிகரெட்டைப் போலவே மெல்லக் கொல்லும். கள்ளச் சாராயம் ஓர் இரவில் கொல்லும். ஆகவே சிகரெட்டுக்குச் சொன்ன கணக்கை அப்படியே சாராயத்துக்குப் பெயர்த்து எழுதுவது அறிவுடைமை ஆகாது.

மாணவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க ஓர் ஆராய்ச்சியையும் இங்கே சொல்லிவைக்கிறேன். விலை ஏறிற்று என்றால், எதனோடு ஒப்பிட ஏறிற்று என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 2006இல் 80 ரூபாய்; 2025-26இல் 336 ரூபாய். கூலி நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. உங்கள் ஊர்க் கடைக்காரரையோ வீட்டுப் பெரியவரையோ கேட்டு, 2006இல் ஒரு பீடிக்கட்டு என்ன விலை, இன்று என்ன விலை என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் வரி தன் கடமையைச் செய்தது. அதற்குக் குறைவாக ஏறியிருந்தால், எத்தனை முறை வரி உயர்ந்ததாகச் செய்தி வந்திருப்பினும், உழைப்பாளிக்கு அப்பொருள் மலிந்தே இருக்கிறது. ஒரு கட்டுக்கு அன்று எத்தனை நிமிட உழைப்பு, இன்று எத்தனை நிமிட உழைப்பு என்று கணக்கிடுவதே சரியான அளவை. கடையில் ஒற்றைச் சிகரெட்டாக விற்பது இந்த அளவையையும் மறைத்துவிடுகிறது. பெட்டிக்கு ஏறிய பத்து ரூபாய், ஒற்றைக்கு ஒரு ரூபாயாகச் சிறுத்துத் தோன்றுகிறது.

இறுதியாக, கருவூலத்தைப் பற்றி ஒரு சொல். 1937இல் தொடங்கிய மதுவிலக்கு, போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டு, 1948இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, மீண்டும் நீங்கியது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24ஆம் ஆண்டில் மதுவால் மாநிலத்துக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கள்ளுக்கடை வருவாய் இழப்பை ஈடுகட்ட வந்த விற்பனை வரியும் நிலைத்துவிட்டது. மது வருவாயும் திரும்பிவிட்டது. தனி மனிதன் பழக்கத்துக்கு அடிமையாவது போலவே, அரசாங்கமும் அப்பழக்கம் தரும் பணத்துக்கு அடிமையாதல் கூடும். பழக்கத்தைக் குறைக்க விதித்த வரி, அப்பழக்கம் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலையைக் கருவூலத்துக்குத் தந்துவிடுமானால், வரியின் நோக்கம் தலைகீழாகிவிடும்.

ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதுவாகும்: வரியால் பழக்கம் மாறும், ஆனால் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே மாறும். விலையேற்றம் கூலியேற்றத்தை முந்த வேண்டும். சிகரெட்டோடு பீடியும் மெல்லும் புகையிலையும் ஒருசேர உயர வேண்டும். எல்லையில் காவல் வேண்டும். வந்த பணம் பழக்கத்தை விட விரும்புவோருக்கும் தொழிலை மாற்ற விரும்புவோருக்கும் பயன்பட வேண்டும். இவற்றோடு, வருவாய் குறையும் நாளை அஞ்சாமல் எதிர்நோக்கும் துணிவும் அரசாங்கத்துக்கு வேண்டும். 1937இல் சேலம் மாவட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடியவர்கள் அந்த வருவாயை இழக்கத் துணிந்தே மூடினர். அவர்கள் கையாண்ட முறை சரியா, தவறா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். அத்துணிவு இன்றும் வேண்டப்படுவதே.

சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கிறது; கல்விக்கூடத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. இவையெல்லாம் 2003ஆம் ஆண்டின் சட்டத்தில் உள்ளவை. முதல் சிகரெட்டை ஒருவன் எந்த வயதில் கையில் எடுக்கிறான் என்பதைப் பொறுத்தே அவன் அடுத்த முப்பது ஆண்டு வரி கட்டுவானா இல்லையா என்பது அமைகிறது. அந்த வயதில் இருப்பவர்கள் இப்பேச்சைப் படிக்கும் நீங்களே. இந்த ஒரு வரியை மட்டும், கட்டாமல் இருப்பது குற்றமாகாது.